கரும்பு வயலும் பவளத்திட்டும்: குயின்ஸ்லாந்தின் தழைச்சத்துக் கணக்கு

ஆஸ்திரேலியச் சர்க்கரையில் ஏறத்தாழ 95 சதவீதம் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உற்பத்தியாகிறது. அங்கு கரும்பு விளையும் கடலோரச் சமவெளிகளின் ஆறுகள் பல, 1981ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பெரும் பவளத்திட்டுக் கடற்பகுதியில் கலக்கின்றன. இதனால், கரும்புக்கு எவ்வளவு தழைச்சத்து இடுவது என்பது அங்கு சட்டமும் அரசியலும் தலையிடும் கேள்வியாகியுள்ளது.

கரைந்தோடும் உரம்

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் உள்ளது. மண்ணின் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் மண் துகள்களில் தங்காமல் நீரோடு சென்றுவிடும். நீர் தேங்கினால் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு என்ற வெப்பவாயுவாக வெளியேறும். அங்கு ஜூன் மாதம் தொடங்கும் அறுவடை ஆண்டின் இறுதிவரை நீள்கிறது. தாமதமாக அறுவடையாகும் வயல்களில் மறுதாம்புக்கு உரமிட்ட சில வாரங்களிலேயே கோடைப் பெருமழை வந்துவிடுகிறது.

கடலில் சேரும் நைட்ரேட் பாசிகளைப் பெருக்குகிறது. பவளங்களைத் தின்னும் முள்முடி நட்சத்திர மீனின் இளம் பருவத்திற்கு இப்பாசிகள் உணவாகின்றன என்பது விஞ்ஞானிகள் பலரது கருத்து.

அளவிடும் முறை

ஒரு ஹெக்டேருக்கு 100 டன் விளைச்சல் வரை டன்னுக்கு 1.4 கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 1 கிலோ நைட்ரஜன் என்பது அங்குள்ள அடிப்படைக் கணக்கு. வட்டாரத்தின் விளைச்சல் திறன் 120 டன் எனில் 160 கிலோ தேவை. மண்ணின் கரிமச் சத்து, முந்தைய பயறுவகைப் பயிர், ஆலைக் கழிவு ஆகியவை தரும் நைட்ரஜனை இதிலிருந்து கழிக்க வேண்டும். இதுவே 'ஆறு எளிய படிகள்' என்ற பரிந்துரையின் சாரம்.

சட்டமும் தயக்கமும்

பவளத்திட்டுப் பாதுகாப்புக்காகக் குயின்ஸ்லாந்து அரசு 2009இல் உர விதிகளைச் சட்டமாக்கி, 2019இல் அவற்றைக் கடுமையாக்கியது. ஆறுகள் வழியே செல்லும், மனிதச் செயலால் உண்டாகும் கரைந்த நைட்ரஜனை 2025ஆம் ஆண்டுக்குள் 60 சதவீதம் குறைப்பது இலக்காக வைக்கப்பட்டது. 2020களின் தொடக்கத்தில் வெளியான அறிக்கைகள் அந்த இலக்கு வெகு தொலைவில் இருப்பதையே காட்டின.

விவசாயிகளின் தயக்கத்திற்குக் காரணம் உண்டு. சர்க்கரையின் பெரும்பகுதி ஏற்றுமதியாவதால் விலை உலகச் சந்தையைச் சார்ந்துள்ளது. நல்ல பருவத்தில் உரம் குறைந்தால் விளைச்சல் குறையும். அந்த நஷ்டம் விவசாயியையே சேரும். எனவே கூடுதல் உரம் ஒரு காப்பீடு போலக் கருதப்பட்டது. ஆனால் மிகுதியான தழைச்சத்து கரும்பைச் சாய்ப்பதுடன், விலையை நிர்ணயிக்கும் சர்க்கரைச் சத்தையும் குறைக்கிறது. 2022இல் யூரியா விலை கடுமையாக உயர்ந்தபோது, அந்தக் காப்பீட்டின் செலவும் கண்கூடானது.

மெதுவாகக் கரையும் உரம் இழப்பைக் குறைக்கக்கூடும், ஆனால் அதன் விலை அதிகம். வட்டாரம் முழுமைக்குமான விளைச்சல் திறனை விட்டு, ஒவ்வொரு வயலின் உண்மையான விளைச்சலுக்கேற்ப உரமிட வேண்டும் என்ற யோசனையும் முன்வைக்கப்படுகிறது. அப்படிச் செய்து மழை கைகொடுக்கும் ஆண்டில் விளைச்சல் குறைந்துபோனால், அந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்பதே விவாதத்தின் மையமாக உள்ளது.