வள்ளத்தின் பின்பலகையில் ஓர் இயந்திரம்

வெளி மாநிலங்களிலிருந்து ஊர் திரும்பும் தமிழன்பர்களுள் பலர் திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி, அங்கிருந்து நாகர்கோவில் பேருந்தில் ஏறியவர்களாயிருப்பர். தம்பானூருக்கு இருப்புப்பாதை 1931இலேயே வந்துவிட்டது. நாகர்கோவிலுக்கோ 1979இல்தான் வந்தது. அதுவரை குமரிக் கரையாருக்குச் சாலைவழியன்றி வேறு வழியில்லை. பாதை வந்த பின்னரும், சாக்கில் சுற்றிய எண்ணெய்ப் பிசுக்கேறிய இரும்புப் பொதியொன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு, தம்பானூரில் பேருந்துக்குக் காத்து நிற்கும் மீனவரை நான் பலமுறை கண்டதுண்டு. அப்பொதியில் இருப்பது, வள்ளத்தின் பின்பலகையில் மாட்டும் இயந்திரத்தின் ஓர் உறுப்பு. கரையில் அதற்கு ‘எஞ்சின்’ என்பதே பெயர். அந்த எஞ்சின் இக்கரைக்கு வந்த வரலாறு, அதைப் பழுது பார்த்த வரலாறே எனலாம்.

படகின் வெளியே மாட்டிக் கழற்றும் இயந்திரத்தை வாணிபப் பொருளாக்கி வெற்றி கண்டவர் ஓலே எவின்ரூடு. நார்வேயில் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய இவர், 1909இல் விற்பனைக்கு விட்ட இயந்திரம் ஒன்றரைக் குதிரைத்திறன் உடையது; எடை ஏறத்தாழ 28 கிலோ. ஏரியில் உலாவரும் அமைதியான படகே அதற்கு இலக்கு. அலை மோதும் மணற்கரையை அது கனவிலும் கண்டிராது.

அதே நார்வே நாட்டார், இந்திய அரசுடனும் ஐக்கிய நாடுகள் அவையுடனும் 1952இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையிலும் சக்திகுளங்கரையிலும் 1953இல் மீன்வளத் திட்டமொன்றைத் தொடங்கினர். நாட்டு வள்ளங்களுக்கே இயந்திரம் பொருத்திப் பார்ப்பது முதல் முயற்சி. அது பொருந்திவரவில்லை. எனவே உள்ளேயே இயந்திரம் அமைந்த புதிய படகுகளைக் கட்டத் தலைப்பட்டனர். பின்னர் இறால் ஏற்றுமதி ஓங்கவே, முதலீடெல்லாம் இழுவைப் படகுகளின் பக்கம் சாய்ந்தது. கட்டுமரக்காரரும் வள்ளக்காரரும் துடுப்போடும் பாயோடும் நின்றுவிட்டனர். கரையோரத்து மீனை இழுவை மடி வாரிச்சென்றபோது, தொலைவிற் சென்று பிடிப்பதற்கு அவர்களுக்கும் விசை வேண்டியதாயிற்று. 1980களின் தொடக்கத்தில் யமஹா, சுசூக்கி, எவின்ரூடு, ஜான்சன் என்ற அயற்பெயர்கள் கச்சான், கொண்டல், நீவாடு என்ற பழஞ்சொற்களோடு கலந்து புழங்கலாயின.

வாங்கியவர் பட்ட பாடு இனித்தான் தொடங்குகிறது. பெட்ரோல் விலை தாங்காது. ஆகவே பெட்ரோலில் உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது முறை. நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றவேண்டும். அவசரத்தில் இதை மறந்தால், மறுநாள் விடியுமுன் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் இயந்திரம் வாய் திறவாது. கரிபிடித்த பிளக்கைக் கழற்றித் துடைப்பதும், சிறு குழந்தையிடம் பேசுவதுபோல் இயந்திரத்திடம் பேசிப் பார்ப்பதும் கரையில் அன்றாடக் காட்சி.

மண்ணெண்ணெயாவது நாம் ஊற்றுவது; கடல் தானாக ஊற்றுவன இரண்டு, உப்பும் மணலும். கடல்நீரை உறிஞ்சித்தான் இயந்திரம் தன் சூட்டைத் தணிக்கிறது. அந்நீரோடு மணலும் ஏறி, உள்ளே சுழலும் ரப்பர்ச் சக்கரத்தை அரித்துவிடும். நீர் ஏறாவிட்டால் பிஸ்டன் இறுகிப்போகும். வள்ளம் அலைவாயிற் கவிழ்ந்து இயந்திரம் மூழ்கிவிட்டாலோ, அதை அன்றே நன்னீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டாக வேண்டும். ஒரு பகல் தாமதித்தாலும் உப்பு தன் வேலையைத் தொடங்கிவிடும். குடிநீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கும் கரையூரில், இயந்திரத்தைக் குளிப்பாட்ட ஒரு பீப்பாய் நன்னீர் என்பது வீட்டுப் பெண்களின் தலைச்சுமை. இச்செலவை எந்தக் கணக்கிலும் எழுதியதாகத் தெரியவில்லை.

எழுதிய கணக்கு வேறு. பிடித்த மீனை விற்ற பணத்தில் முதலில் எரிபொருட் செலவு கழியும், பிறகு வலைக்கும் வள்ளத்துக்கும் இயந்திரத்துக்கும் பங்கு, எஞ்சியதுதான் உழைத்தவர்க்கு. இயந்திரம் நின்றால் உடைமையாளர் ஒருவர் மட்டுமல்லர், உடன் சென்ற நால்வர் ஐவரின் அடுப்பும் நின்றுபோகும். பழுதுக்கு வணிகரிடம் கடன் வாங்கினால் மறுநாள் மீன் அவர் சொன்ன விலைக்கு.

இக்கட்டை அவிழ்த்தவர் மீனவரே. திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாட்டில் தோன்றிய கூட்டுறவுச் சங்கத்தின் வழியைப் பின்பற்றி எழுந்த சங்கங்கள், 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக ஒன்றுபட்டன. தலைமையகம் திருவனந்தபுரத்தில் அமைந்தது. இக்கூட்டமைப்பு மீன் விற்பனையோடு நில்லாது, இயந்திரங்களையும் உதிரி உறுப்புகளையும் தருவித்து, கரையோரமெங்கும் பழுதுபார்க்கும் பணிமனைகளை நிறுவிற்று. குமரி மாவட்டத்து முட்டத்திலோ, பெல்ஜியத்தவரான பியர் கில்லே போன்றோரின் முயற்சியால் ஒட்டுப்பலகை வள்ளம் உருவாயிற்று. பெருமரங்கள் அருகி விலையேறிய காலம் அது. கட்டுமரத்தில் இயந்திரம் மாட்ட உறுதியான பின்பலகை ஏது? புதிய வள்ளத்தில் அது இருந்தது. என் கருத்தில், இயந்திரத்தின் வரவைவிட இவ்விரண்டுமே பெரிய நிகழ்ச்சிகள்.

ஆயினும் விசை கூடக் கூடத் தொலைவும் கூடிற்று. துடுப்பெட்டும் தொலைவில் பழுதானால் துடுப்பு போட்டுத் திரும்பலாம். கரை மறைந்த கடலில், பாயும் இல்லாத வள்ளத்தில் என்செய்வது? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் திருவனந்தபுரம், குமரிக் கரைகளைத் தாக்கியபோது, கவிழ்ந்த வள்ளங்களைப் பற்றிக்கொண்டு மிதந்தவர்கள் இதன் விடையைக் கண்டனர். பலர் திரும்பவேயில்லை.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. அதே கரையார் தம் வள்ளங்களையும் இயந்திரங்களையும் லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூர் முதலிய இடங்களுக்கு விரைந்தனர். 600க்கு மேற்பட்ட படகுகள் சென்றன. கடலில் மதிற்சுவர் இல்லை. தெருவிலோ நீருக்கடியில் சுவரும் வாயிற்கதவும் மறைந்திருந்தன. அவற்றில் மோதி வள்ளமும் விசிறியும் சேதமுற்றன. பழுதுபட்ட படகுகளைச் சீர்செய்து தருவதாகக் கேரள அரசு அப்போது அறிவித்தது.

எவின்ரூடு இயந்திரத்தின் உற்பத்தி 2020இல் நின்றுவிட்டது. மானிய மண்ணெண்ணெயின் அளவும் குறைந்து வருகிறது. பெட்ரோலுக்கும் சமையல் வாயுவுக்கும் மாற்றும் முயற்சிகள் நடைபெறுகின்றன. இவற்றுள் எது உப்பையும் மணலையும் தாங்கும் என்று கரையார் இப்போது ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து வருகின்றனர்.