மெட்ராஸிலிருந்து போன ஊமத்தைப் புகை

சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சனுக்கு ஒரு சிலை இருக்கிறது. செதுக்கியவர் சாண்ட்ரி. மெட்ராஸில் கும்பினியின் தலைமை மருத்துவராக இருந்து 1809-ல் இறந்த ஆண்டர்சனை, சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டுச் சாயப்பூச்சி வளர்க்க முனைந்தவர் என்றே பலரும் எழுதுகிறார்கள். மருந்தியல் பாடம் நடத்தியே காலம் கழித்த எனக்கு அவரிடம் பெரிதாகப் படுவது ஊமத்தைதான்.

ஊமத்தையின் வேரையும் அடித்தண்டையும் காயவைத்து, நறுக்கி, குழாயில் அடைத்துப் புகைத்தால் இழுப்பு தணியும். ஆண்டர்சன் இதைப் பரிந்துரைத்தார். ஜெனரல் ஜென்ட் என்பவர் 1802-ல் இந்தச் செய்தியைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே தானாக வளர்ந்துகிடந்த வேறொரு ஊமத்தை இனத்தை மருத்துவர்கள் கையில் எடுத்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் ஆஸ்துமா சிகரெட் சாதாரணச் சரக்காகிவிட்டது. பாரிஸில் எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் அதைப் புகைத்தார். இந்த வைத்தியத்தைக் கைமாற்றிக் காத்த நம்மூர்க்காரர் ஒருவரின் பெயரும் அந்த வரலாற்றில் இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

என் பெரியப்பாவும் ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைத்தவர்தான். அளவு மிஞ்சினால் சித்தம் கலங்கும், உயிரே போகலாம். அது தெரிந்தும் புகைத்தார். சற்று நேரத்தில் மூச்சு இளகும். விடியற்காலையில் மறுபடி இழுக்கும்.

இளகியது ஏன்? நரம்பு முனைகள் விடுகிற அசிடைல்கோலின், மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையை இறுக்குகிறது. இறுக்கும் வழிகளில் ஒன்று, தசைச் செல்லின் பொட்டாசியம் வாய்க்கால்களை அடக்குவது. வெளியேற வேண்டிய பொட்டாசியம் உள்ளே தங்கினால் செல்லின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே புகும்; தசை சுருங்கும். ஊமத்தையிலுள்ள அட்ரோபின் அசிடைல்கோலினை மறித்துவிடுகிறது. நேயர், சாக்மன் இருவரும் 1976-ல் ஒற்றை வாய்க்காலின் மின்னோட்டத்தை அளந்து காட்டிய பிறகுதான் இதையெல்லாம் நேராகப் பார்க்க முடிந்தது.

திரும்பவும் இழுத்ததற்குக் காரணம் தசையில் மட்டும் இல்லை. குழாய்ச்சுவர் அழற்சியால் வீங்கிக் கிடந்தது. அதை ஊமத்தை தொடவில்லை. உறிஞ்சும் ஸ்டீராய்டான பெக்லோமெத்தசோன் 1972-ல் வந்த பிறகே அந்த வீக்கத்துக்கு முறையான வைத்தியம் பரவியது.

என்னை வியக்கவைப்பது, அழற்சியிலும் பொட்டாசியத்துக்குப் பங்கு இருப்பதுதான். நுரையீரலில் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் சீண்டப்படும்போது அவற்றிலிருந்து பொட்டாசியம் வெளியே பாய்கிறது. உள்ளே அதன் அளவு சரிந்ததும் என்எல்ஆர்பி3 என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. அழற்சியைக் கிளப்பும் இன்டர்லியூக்கின்-1 பீட்டா வெளிவருகிறது. எலிகளின் நுரையீரலில் இந்தப் பாய்ச்சலுக்கு வழிவிடும் வாய்க்கால் ட்விக்2 என்று 2018-ல் காட்டினார்கள். தசையைத் தளர்த்தும் அதே வெளியேற்றம் இங்கே அழற்சியை மூட்டுகிறது!

தசையின் பொட்டாசியம் வாய்க்காலைத் திறக்கும் குரோமகாலிம் என்ற மருந்தை இரவு நேர ஆஸ்துமாவுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1990-ல் வெளியானது. விடியற்கால இழுப்பு குறைந்தது. ஆனால் ரத்தக்குழாய்களும் சேர்ந்து விரிந்ததால் தலைவலி வந்தது. அது ஆஸ்துமா மருந்தாகவில்லை. தசையில் திறந்துவைத்து, மேக்ரோஃபேஜில் மூடிவைக்கும் மருந்து எதுவும் இன்னும் கடைக்கு வரவில்லை.