ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெறுதல்

விஞ்ஞானப் பத்திரிகையொன்றில் பிரசுரமான கட்டுரையின் முடிவுகள் நம்பத்தகாதவை என நிரூபணமாகுமிடத்து, அப்பத்திரிகை காரணத்தைப் பகிரங்கமாக அறிவித்து அதனை விலக்கிக்கொள்ளும் முறை இது. முடிவைப் பாதிக்காத பிழைக்குத் திருத்தமும், விசாரணை முற்றுப்பெறாத ஐயத்திற்கு எச்சரிக்கைக் குறிப்பும் வெளியிடப்பெறும். திரும்பப் பெற்ற கட்டுரை பொதுவாக அழிக்கப்படுவதில்லை. அவ்வறிவிப்பைத் தாங்கியே ஆவணத்தில் நிலைத்திருக்கும். 1997இல் பிரிட்டனில் தோன்றிய பிரசுர நெறிமுறைக் குழு, இதற்குரிய விதிகளை 2009இல் வகுத்தது.

மிகப் பிரசித்தமான உதாரணம், ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பன்னிரு சகாக்களும் 12 குழந்தைகளை ஆராய்ந்து 1998 பிப்ரவரியில் ‘தி லான்செட்’ இதழில் வெளியிட்ட கட்டுரை. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான கூட்டுத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்திற்கும் சம்பந்தம் இருக்கக்கூடும் என்ற அதன் வியாக்கியானத்தை 2004இல் அக்கட்டுரையாசிரியர்களுள் பதின்மர் கைவிட்டனர். எனினும், குழந்தைகள் தெரிவுசெய்யப்பட்ட விதம், நெறிமுறை அனுமதி ஆகியன பற்றிய கூற்றுகள் பொய்யெனப் பிரிட்டிஷ் பொது மருத்துவ மன்ற விசாரணையில் புலப்பட்ட பின்னரே, 2010 பிப்ரவரி 2ஆம் நாள் கட்டுரை முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது. இப்பன்னிரண்டாண்டுத் தாமதம் பெருங்கேடு விளைத்தது: பிரிட்டனில் தடுப்பூசி இடுவோர் தொகை குறைந்து, 2008இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் தட்டம்மை மீண்டும் நிலைகொண்ட நோயாக அறிவிக்கப்பட்டது.