ஆஸ்திரேலியாவின் பட்ஜெட் சீரமைப்பு (2013–2019)

ஆஸ்திரேலியாவில் 2013 செப்டம்பரில் ஆட்சிக்கு வந்த லிபரல்–நேஷனல் கூட்டணி, கூட்டாட்சி அரசின் பட்ஜெட்டைப் பற்றாக்குறையிலிருந்து மீட்க எடுத்த முயற்சி 'பட்ஜெட் சீரமைப்பு' எனப்பட்டது. டோனி அபாட், மால்கம் டர்ன்புல், ஸ்காட் மாரிசன் ஆகிய மூன்று பிரதமர்களின் காலத்திலும் அது தொடர்ந்தது. 2013–14இல் 4,850 கோடி ஆஸ்திரேலிய டாலராக இருந்த பற்றாக்குறை, 2018–19இல் 69 கோடியாகக் குறைந்தது. இதில் செலவுக் குறைப்பின் பங்கைவிட வரி வருவாய் பெருகியதன் பங்கே பெரிது.

உலக நிதி நெருக்கடிக்கு முன்பு, 2007–08இல், அந்நாட்டு பட்ஜெட்டில் 1,970 கோடி டாலர் உபரி இருந்தது. அதன்பின் ஆண்டுதோறும் பற்றாக்குறைதான். 2012–13இல் உபரி காட்டுவோம் என்ற வாக்குறுதியை, அப்போது ஆட்சியிலிருந்த தொழிற்கட்சி அரசும் 2012 டிசம்பரில் கைவிட நேர்ந்தது.

நிதியமைச்சர் ஜோ ஹாக்கி 2014 மே 13 அன்று தாக்கல் செய்த பட்ஜெட் கடுமையானது. மருத்துவரிடம் போகும் ஒவ்வொரு முறையும் நோயாளி 7 டாலர் கட்ட வேண்டும் என்பது அதன் அதிகம் எதிர்க்கப்பட்ட அம்சம். சலுகை அட்டை வைத்திருப்போரும் ஆண்டின் முதல் பத்து முறைகளுக்கு இதைக் கட்ட வேண்டும். அதில் 2 டாலர் மருத்துவருக்கு. மீதி 5 டாலர் அளவுக்கு, அரசின் பொது மருத்துவக் காப்பீடான மெடிகேர் தரும் தொகை குறையும். அப்படி மிச்சமாகும் பணம் புதிய மருத்துவ ஆராய்ச்சி நிதியத்துக்குப் போகும். பற்றாக்குறையை அடைப்பதற்கென்று கேட்கப்பட்ட தியாகம் வேறு கணக்கில் சேரவிருந்ததால், திட்டத்தின் நியாயமே ஆட்டம் கண்டது. 2015 மார்ச்சில் அது கைவிடப்பட்டது. பல்கலைக்கழகக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கும் மசோதாவை, அரசுக்குப் பெரும்பான்மை இல்லாத செனட் இருமுறை தோற்கடித்தது.

நிறைவேறியவையும் உண்டு. ஆண்டு வருமானம் 1,80,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 2 சதவீதக் கூடுதல் வரி 2014 ஜூலை முதல் 2017 ஜூன் வரை வசூலானது. 2016இல் தொழிற்கட்சியின் ஆதரவோடு, நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 630 கோடி டாலரை மிச்சப்படுத்தும் சட்டம் நிறைவேறியது.

பொருளாதார வளர்ச்சி இக்காலத்தில் தடைபடவில்லை; ஊதியம்தான் மந்தமாக உயர்ந்தது. 2017இல் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாக வேலை பெற்றதால் வருமான வரி பெருகியது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா சுரங்கங்களில் எடுக்கப்படும் இரும்புத் தாதுவின் விலைதான் மற்றொரு காரணி. 2011இல் டன்னுக்கு 180 அமெரிக்க டாலரைத் தாண்டியிருந்த விலை, 2015 இறுதியில் 40 டாலருக்கு அருகே விழுந்தது. 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாஜின்யோவில் இரும்புத் தாதுச் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தனர். அதனால் தாது வரத்து குறைந்து, விலை அந்த ஆண்டின் நடுவில் 100 டாலரைக் கடந்தது. சுரங்க நிறுவனங்களின் லாபத்தோடு அரசின் நிறுவன வரி வருவாயும் உயர்ந்தது.

2018–19 கணக்கில் கவலைக்குரிய ஒரு பகுதியும் உண்டு. தேசிய மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டத்தில் பயனாளிகள் எதிர்பார்த்ததைவிட மெதுவாகவே சேர்க்கப்பட்டனர். சுமார் 460 கோடி டாலர் செலவாகவில்லை. உதவிக்காகக் காத்திருந்தவர்களின் பணத்தைச் சிக்கனத்தின் வெற்றியாகக் கொள்ள முடியாது.

2019 ஏப்ரலில் நிதியமைச்சர் ஜோஷ் ஃபிரைடன்பர்க் அடுத்த ஆண்டுக்கு 710 கோடி டாலர் உபரியைக் கணித்தார். ஆனால் கொரோனாவால் அந்த 2019–20 கணக்கு 8,530 கோடி டாலர் பற்றாக்குறையில் முடிந்தது. உபரி திரும்பியது 2022–23இல், தொழிற்கட்சி ஆட்சியில். அப்போதும் வேலைவாய்ப்பும் ஏற்றுமதிக் கனிமங்களின் விலையும் உயர்ந்தே இருந்தன.