ஜான் கிளேர்: வேலி போட்ட ஊரும் திருத்திய கவிதையும்

1820ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹெல்ப்ஸ்டன் என்ற சின்ன ஊரைப் பற்றி இரண்டு விஷயங்கள் அச்சேறின, கையெழுத்தாயின. ஒன்று, அந்த ஊரின் பொதுநிலத்தை அளந்து, பிரித்து, தனியார் பெயருக்கு எழுதிவைத்த இறுதி ஆவணம். இன்னொன்று, அதே ஊர்க் கூலித் தொழிலாளி ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்பு. அந்தத் தொழிலாளிதான் ஜான் கிளேர்.

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு இருநூறு வருடத்துக்கு முந்தைய ஓர் ஆங்கிலேயக் குடியானவனின் கவிதை நமக்கு எதுக்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். என் பதில் குளுகோரில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் கிளேரின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கிளேர் பிறந்தது 1793இல், பிரான்சிஸ் லைட் நம்ம தீவில் கொடி நட்ட ஏழு வருடம் கழித்து. அப்பா கதிரடிக்கும் கூலி. நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டுப்பாடல்கள் அவருக்கு மனப்பாடம். அம்மாவுக்கு எழுதப்படிக்கத் தெரியாது. கிளேர் ஏர் ஓட்டினார், தோட்டவேலை செய்தார், சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தார். கிடைத்த துண்டுக் காகிதத்தில் எழுதி ஒளித்து வைத்தார்.

அவருக்குப் பதினாறு வயது நடக்கும்போது, 1809இல், ஹெல்ப்ஸ்டன் நிலத்துக்கு வேலி போடும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதுவரை ஏழைகளும் ஒரு பசுவைக் கட்டி மேய்க்க, விறகு பொறுக்க, குறுக்குப் பாதையில் நடக்க ஊர்ப் பொதுவில் இடம் இருந்தது. அளவைக்காரர்கள் வந்தார்கள். பாதைகள் அடைபட்டன, மரங்கள் விழுந்தன, ஓடை திசைமாறியது. இது ஒரு ஊரின் கதை மட்டுமில்லை. 1604க்கும் 1914க்கும் இடையில் இப்படி 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் இங்கிலாந்தில் வந்தன. சுமார் 68 லட்சம் ஏக்கர் அதில் அடங்கியது. இதில் கொடுமை என்னவென்றால், கூலிக்காகக் கிளேரே அந்த வேலிச்செடிகளை நட்டிருக்கிறார். வேறு வேலை ஏது?

முதல் தொகுப்பை வெளியிட்டவர் ஜான் டெய்லர், கீட்ஸின் பதிப்பாளர். கீட்ஸின் புத்தகங்கள் நத்தை வேகத்தில் விற்றுக்கொண்டிருந்தபோது கிளேரின் புத்தகம் ஒரு வருடத்துக்குள் மூவாயிரம் பிரதிகளைத் தாண்டியது. ‘குடியானவக் கவிஞர்’ என்று லண்டன் கொண்டாடியது. 1821இல் ‘கிராமத்துப் பாணன்’, 1827இல் ‘மேய்ப்பனின் நாட்காட்டி’, 1835இல் ‘நாட்டுப்புறக் கலைமகள்’ என்று இன்னும் மூன்று புத்தகங்கள் வந்தன. அதற்குள் மோஸ்தர் மாறிவிட்டது. மூன்றாவது புத்தகம் ஏறக்குறைய விற்கவே இல்லை.

விற்பனையைவிட என்னை உறுத்துவது திருத்தம். கிளேர் நிறுத்தற்குறி போடமாட்டார். ஊர்ப்பேச்சை அப்படியே எழுதுவார். நத்தைக்கு ‘பூட்டி’, குட்டைக்கு ‘பட்ஜ்’. டெய்லர் எழுத்துப்பிழை திருத்தினார், குறிகள் போட்டார், வரிகளை வெட்டினார். டெய்லரை வில்லனாக்குவது சுலபம், ஆனால் சரியில்லை. அவர் இல்லாவிட்டால் புத்தகமே இல்லை. ஊர்ச்சொற்கள் பலவற்றை விட்டுவைத்து, பின்னால் சொற்பட்டியலும் சேர்த்தார். ஆனால் ராட்ஸ்டாக் பிரபு என்ற புரவலர், பணக்காரர்களைப் பழிக்கும் வரிகளை எடுக்கச் சொல்லி நெருக்கினார், பிந்தைய பதிப்பில் அவை போயின. பொதுநிலம் பறிபோனதைப் பற்றிக் கிளேர் எழுதிய மிகக் காட்டமான கவிதை அவர் உயிரோடு இருந்தவரை அச்சாகவே இல்லை. பறவைக்கூடு பற்றி எழுது, பாராட்டுகிறோம். அந்த மரத்தை வெட்டியது யார் என்று கேட்காதே. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

பறவைக்கூட்டைப் பற்றி அவர் எழுதியதையும் லேசாக நினைக்கக்கூடாது. கீட்ஸ் கற்பனையில் தோன்றும் இயற்கையை எழுதுகிறார், பக்கத்தில் நின்று பார்த்ததை இல்லை என்பது கிளேரின் குறை. அவருடைய இராக்குயில் கவிதையில் காய்ந்த ஓக் இலையும் பாசியும் சேர்ந்து கூடு எப்படி ஆகிறது என்பதுவரை இருக்கும். முழங்காலிட்டு ஊர்ந்துபோய்ப் பார்த்தவனின் எழுத்து அது.

1832இல் மூன்று மைல் தள்ளி நார்த்பரோவுக்குக் குடிமாறினார். அதுவே அவருக்குப் புலம்பெயர்வு. 1837இல் எப்பிங் காட்டருகே மனநலக் காப்பகத்தில் சேர்த்தார்கள். 1841 ஜூலையில் அங்கிருந்து வெளியேறி, சுமார் 80 மைல், நாலு நாள் நடந்தே வீடு வந்தார். பசிக்கு வழியோரப் புல்லைத் தின்றார். சின்ன வயதுக் காதலி மேரி ஜாய்ஸைத் தேடி நடந்தார். அவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதே ஆண்டுக் கடைசியில் நார்த்தாம்ப்டன் காப்பகம். சேர்க்கைத் தாளில் நோயின் காரணமாக, பல வருடம் கவிதை எழுதியதைக் குறித்திருக்கிறார் மருத்துவர். 1864இல் இறக்கும்வரை அங்கேதான். அங்கே எழுதியவற்றில் பல நமக்குக் கிடைத்தது, காப்பக அலுவலர் வில்லியம் நைட் பிரதியெடுத்து வைத்ததால்.

வெட்டுப்படாத ‘மேய்ப்பனின் நாட்காட்டி’ கையெழுத்துப்படியிலிருந்து அச்சானது 1964இல், அவர் இறந்து நூறாவது வருடம். மறுவருடம் அதன் பதிப்பாசிரியர்களில் ஒருவரான எரிக் ராபின்சன், கிளேரின் வெளிவராத எழுத்துகளுக்கான பதிப்புரிமையை ஒரு பவுனுக்கு வாங்கினார். அந்த உரிமை செல்லுமா என்று மற்ற ஆய்வாளர்கள் பல வருடம் சண்டை போட்டார்கள். பொதுநிலத்துக்காக அழுதவரின் சொற்களைச் சுற்றியும் ஒரு வேலி!

இப்போது குளுகோர். பழைய பிரவுன் குடும்பத் தோட்ட நிலத்தில் கம்போங் புவா பாலா என்ற தமிழ்க் கிராமம் இருந்தது. பெயருக்கு அர்த்தம் ஜாதிக்காய்க் கம்பம். மாடும் ஆடும் வளர்த்த ஊர் என்பதால், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பெயரில் ‘ஹை சப்பரல்’ என்றும் கூப்பிட்டார்கள். நிலம் கைமாறியது, வழக்கு தோற்றது, 2009இல் வீடுகள் இடிக்கப்பட்டன. இன்று அங்கே அடுக்குமாடி. சட்டப்படி எல்லாம் ஒழுங்கு. ஹெல்ப்ஸ்டனிலும் சட்டப்படிதான் நடந்தது. அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்குக் கிளேர்தான் ஞாபகம் வருவார்.

ஒரு வித்தியாசம். ஹெல்ப்ஸ்டனில் எந்தப் பாதை அடைபட்டது, எந்த மரம் விழுந்தது என்று பெயர் சொல்லி எழுத ஒருத்தர் இருந்தார். நமக்குப் பத்திரிகைச் செய்தி இருக்கிறது, வழக்குக் கட்டு இருக்கிறது. மாடு மேய்ந்த இடத்தை அந்த ஊர்க்காரர்கள் எந்தச் சொல்லால் அழைத்தார்கள்?

நம்மில் பலர் இப்போது தாத்தா பாட்டியின் தோட்டக் கதைகளைப் பதிவு செய்கிறோம், நல்ல காரியம். ஆனால் தட்டச்சு செய்யும்போது ‘கித்தா’ ரப்பர் ஆகிவிடுகிறது, ‘மங்கு’ கிண்ணம் ஆகிவிடுகிறது, ‘பெரட்டு’ வருகைப்பதிவு ஆகிவிடுகிறது. கங்காணியைத் திட்டிய வசவு காணாமலே போகிறது. அன்பினால் செய்யும் திருத்தம்தான், டெய்லர் செய்ததும் அன்பினால்தான். கிளேருக்குக் கையெழுத்துப்படி மிஞ்சியதால் நூறு வருடம் கழித்தாவது மீட்க முடிந்தது. வாய்ச்சொல்லுக்குக் கையெழுத்துப்படி கிடையாது. ஒலிப்பதிவை அழிக்காதீர்கள், அச்சில் ‘மங்கு’ என்றே இருக்கட்டும், புரியாதவர்களுக்குப் பின்னால் ஒரு சொற்பட்டியல் போட்டால் போதும்.