கூடைப்பந்தும் ஒரு சிறு நாட்டின் மூன்று தலைமுறையும்

வரலாறு என்றதும் நம் மாணவர்களின் மனக்கண்முன் தோன்றுவன போர்களும் உடன்படிக்கைகளும் அரச மரபுகளுமே ஆகும். பாடநூல்கள் அவ்வாறு அமைந்திருக்கையில் மாணவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், ஓர் இனம் தான் இன்னது என்பதைத் தன் பிள்ளைகளுக்கு எவ்வாறு உணர்த்தி வந்தது என்று ஆராயப் புகுவோமானால், அரண்மனையையும் போர்க்களத்தையும் விட்டு வேறு இடங்களுக்கும் செல்ல நேரிடும். விளையாட்டரங்கு அவ்விடங்களுள் ஒன்று. தந்தையும் பிள்ளையும் அருகருகே அமர்ந்து, ஒரே குழுவுக்காக நெஞ்சம் பதைக்கும் இடம் அது. அங்கே தந்தையிடமிருந்து பிள்ளைக்குச் செல்வது பொழுதுபோக்கு மட்டுந்தானா? இவ்வினாவுக்கு விடை காண, பால்டிக் கடலோரத்தில் உள்ள லிதுவேனியா என்னும் சிறு நாட்டின் கதையை ஈண்டு எடுத்துக்கொள்கிறேன். அந்நாட்டில் கூடைப்பந்தை இரண்டாவது சமயம் என்று சொல்லும் வழக்கம் உண்டு.

கூடைப்பந்து ஓர் ஆசிரியரின் படைப்பு என்பதை ஆசிரியப் பெருமக்கள் சற்றே பெருமையுடன் நினைவுகூரலாம். கனடாவில் பிறந்த ஜேம்ஸ் நைஸ்மித், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தார். பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாமல் அலுத்துப் போயிருந்த 18 மாணவர்களுக்காக, 1891ஆம் ஆண்டு டிசம்பரில், பழக்கூடைகள் இரண்டை மாடத்தில் அறைந்து, 13 விதிகளை எழுதி ஒட்டி, இவ்விளையாட்டைத் தொடங்கி வைத்தார். அது கடல் கடந்து லிதுவேனியாவை அடைய முப்பது ஆண்டுகள் ஆயின.

அம்முப்பது ஆண்டுகளில் லிதுவேனிய மக்கள் பட்ட பாட்டை அறியாமல் பின்வரும் கதை விளங்காது. ருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அவர்களுக்கு, 1864 முதல் 1904 வரை, தம் மொழியை இலத்தீன எழுத்தில் அச்சிட உரிமையில்லை. நூல்கள் எல்லைக்கு அப்பால் கிழக்குப் பிரஷியாவில் அச்சாகி, இரவோடிரவாக மூட்டைகளில் கடத்திவரப்பட்டன. பிடிபட்டவர்கள் சிறைக்கும் சைபீரியாவுக்கும் சென்றனர். பள்ளியில் தாய்மொழிக்கு இடமில்லாத நிலையில் வீடே பள்ளியாயிற்று. பெட்ராஸ் ரிம்ஷா என்னும் சிற்பி 1906இல் வடித்த சிலை ஒன்று இன்றும் அந்நாட்டாரால் போற்றப்படுகிறது. தாய் ஒருத்தி இராட்டையில் நூல் நூற்றபடியே தன் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் காட்சி அது. அதற்குச் சிற்பி இட்ட பெயர் ‘துன்பப் பள்ளி’ என்று பொருள்படும். தாய்மொழிப் பள்ளியில் பணிபுரியும் நமக்கு அச்சிலையைப் பற்றி விளக்கவுரை தேவையில்லை. பெற்றோர் தம் வாயாலும் கையாலும் கொடுத்தாலன்றி எதுவும் நிலைக்காது என்பதை அம்மக்கள் பந்தைத் தொடுமுன்பே பட்டறிந்திருந்தார்கள் என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது.

1918ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் லிதுவேனியா விடுதலை அறிவித்தது. வில்னியஸ் நகரம் போலந்தின் வசமாகிவிட, கவுனாஸ் தற்காலிகத் தலைநகராயிற்று. சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1920இல் தாயகம் திரும்பிய ஸ்டெபோனாஸ் டேரியஸ் என்னும் இளைஞர் விமானியாகவும் விளையாட்டு வீரராகவும் விளங்கினார். கூடைப்பந்தைப் பரப்பியவர்களுள் அவர் முதன்மையானவர். 1926இல் அதன் விதிகளை லிதுவேனிய மொழியில் நூலாக்கினார். அதற்கு முன்பே அவ்விளையாட்டை முனைந்து ஆடியவர்கள் பெண்கள் என்பதையும் சொல்லவேண்டும். 1938இல் ரோமில் நடைபெற்ற ஐரோப்பிய மகளிர் போட்டியில் லிதுவேனியப் பெண்கள் வெள்ளிப் பதக்கம் பெற்றனர். ஆகவே, தந்தை மைந்தர் கதையாகவே இதனைச் சொல்லிச் செல்வது முழு உண்மையாகாது.

விளையாட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘கிரெப்ஷினிஸ்’. கூடையைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லினின்றே அதனை ஆக்கிக்கொண்டனர். நாமும் கூடைப்பந்து என்றே வழங்குகிறோம். கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசும் நம் நண்பர்கள் இதனைக் கருதுவார்களாக.

டேரியஸ் 1933 ஜூலையில் தோழர் கிரேனாஸுடன் நியூயார்க்கிலிருந்து கவுனாஸ் நோக்கிச் சிறு விமானத்தில் புறப்பட்டு, அட்லாண்டிக் கடலைக் கடந்து, இலக்கை எட்டுமுன் விபத்தில் இறந்தார். கவுனாஸின் விளையாட்டுத் திடல் அவ்விருவர் பெயரையே தாங்கியுள்ளது. எனினும், கடல் கடந்து வருவது அவரோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்த லிதுவேனியப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள், தாம் பிறவாத தாயகத்துக்காக ஆட வந்தனர். சிகாகோவிலிருந்து ஃபெலிக்ஸாஸ் கிரியவுச்சூனாஸ் வந்தார். ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் விளங்கினார். 1937இல் ரீகாவில் நடைபெற்ற ஐரோப்பிய வெற்றியாளர் போட்டியில், ஒருவரும் எதிர்பாராத வகையில், லிதுவேனியா இத்தாலியை 24–23 என வென்று முதலிடம் பெற்றது. ஒரே ஒரு புள்ளி! நாடெங்கும் கூடைகள் முளைத்தன.

அடுத்த போட்டி 1939 மேத் திங்களில் கவுனாஸிலேயே நடைபெற்றது. அதற்கெனப் புதிய அரங்கம் ஒன்று கட்டப்பட்டது. கூடைப்பந்துக்கென்றே ஐரோப்பாவில் எழுப்பப்பட்ட முதல் அரங்குகளுள் அது ஒன்று. லாஸ் ஏஞ்சலிஸில் லிதுவேனியப் பெற்றோருக்குப் பிறந்து, 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் குழுவில் தங்கம் வென்ற பிரானஸ் லுபினாஸ், இம்முறை பெற்றோரின் நாட்டுக்காக ஆடினார். லாட்வியாவுடன் நடந்த ஆட்டத்தில் கடைசி நொடிகளில் அவர் போட்ட பந்தால் 37–36 என மீண்டும் ஒரு புள்ளியில் வெற்றி. கிண்ணமும் மீண்டும் அவர்களுக்கே கிட்டியது.

அவ்வரங்கில் தந்தையின் அருகில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அமர்ந்திருந்தான் என்று வைத்துக்கொள்வோம். அத்தகைய சிறுவர் பலர் இருந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. அவனுடைய வயதையே அளவுகோலாகக் கொண்டு பின்வரும் ஆண்டுகளை எண்ணிப் பார்ப்போம்.

அவனுக்குப் பதினொரு வயதாகையில், 1940 ஜூனில், சோவியத் படை நாட்டினுள் புகுந்தது. ஆகஸ்டில் நாடே சோவியத் ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. 1941 ஜூனில் ஒரு சில நாள்களுக்குள் ஏறத்தாழ 17,000 பேர் சரக்கு இரயில்களில் ஏற்றப்பட்டுச் சைபீரியாவுக்கும் வடதுருவப் பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டனர். பிறகு ஜெர்மானியர் வந்தனர். நாட்டின் யூத மக்களுள் பெரும்பாலோர் கொன்றழிக்கப்பட்டனர். 1944இல் சோவியத் ஆட்சி மீண்டும் திரும்பிற்று, நாடுகடத்தல்களும் தொடர்ந்தன. 1939இன் வீரர்களுள் சிலர் ஜெர்மனியின் அகதி முகாம்கள் வழியாக அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சிதறினர். மஞ்சள், பச்சை, சிவப்பு ஆகிய மூவண்ணக் கொடியைக் காட்டுவது குற்றமாயிற்று. பழைய நாட்டுப்பண்ணும் அவ்வாறே.

கூடைப்பந்து மட்டும் தடை செய்யப்படவில்லை. தடை செய்யப்படாதது மட்டுமன்று, மாஸ்கோவுக்கு அது தேவையாகவும் இருந்தது. 1947இல் பிராகில் சோவியத் குழு ஐரோப்பிய வெற்றியாளரானபோது அதில் லிதுவேனியர் முக்கிய இடம் பெற்றிருந்தனர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 51–50 என வீழ்த்திய சோவியத் குழுவின் தலைவர் மோடெஸ்டாஸ் பவுலவுஸ்காஸ் ஒரு லிதுவேனியரே. உலகச் செய்தித்தாள்கள் அவர்கள் அனைவரையும் ‘ருசியர்’ என்று எழுதின. வீட்டிலிருந்த தந்தைமார் அவ்வாறு சொல்லியிருக்க மாட்டார்கள். 1937, 1939 ஆகிய ஆண்டுகளின் வெற்றிகள் விடுதலை பெற்ற ஒரு குடியரசின் பெயரால் கிடைத்தவை; அவற்றைப் பெருமையுடன் கூறுவது அக்குடியரசையே கூறுவதாகும். பள்ளியில் சொல்ல முடியாததை வீட்டில் சொல்வதற்கு ஒரு பந்தாட்டக் கதை எவ்வளவு வசதியான உறை! அன்று இராட்டையின் அருகே எழுத்துச் சென்ற வழியாகத்தான் இதுவும் சென்றிருக்க வேண்டும்.

1944இல் தோன்றிய விளையாட்டு மன்றத்துக்கு ‘ஜால்கிரிஸ்’ என்று பெயரிட்டனர். 1410இல் லிதுவேனியரும் போலந்தியரும் சேர்ந்து ஜெர்மானிய வீரத்துறவியரை முறியடித்த போரின் பெயர் அது. ஜெர்மனியோடு பொருதுகொண்டிருந்த மாஸ்கோ அதில் குறை காண இடமில்லை; லிதுவேனியருக்கோ அது தம் பழைய பேரரசின் புகழைச் சொல்லும் பெயர். இத்தகைய இருபொருட் சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் அடிமைப்பட்ட மக்களுக்கு இயல்பாகவே ஒரு கூர்மை வந்துவிடுகிறது.

ஜால்கிரிஸ் 1947இலும் 1951இலும் சோவியத் வெற்றியாளரானது. பிறகு நீண்ட இடைவெளி. மாஸ்கோவின் இராணுவக் குழுவே பெரும்பாலான ஆண்டுகளில் வென்றது. படைச்சேவை என்ற பெயரால் எந்தக் குடியரசின் நல்ல ஆட்டக்காரரையும் அது இழுத்துக்கொள்ள முடிந்தது. 1964இல் கவுனாஸில் பிறந்த ஆர்விதாஸ் சபோனிஸ் வளர்ந்து வந்ததும் நிலை மாறிற்று. 221 செண்டிமீட்டர் உயரம். அவ்வுயரத்தோடு, சிறிய ஆட்டக்காரனைப் போலப் பந்தைப் பகிர்ந்தளிக்கும் நுட்பம். ஹோமிசியஸ், குர்டினைடிஸ், யோவைஷா ஆகியோருடன், வ்லாதாஸ் கராஸ்டாஸ் என்னும் பயிற்றுநரின் கீழ், 1985, 1986, 1987 என மூன்றாண்டுகள் தொடர்ந்து இராணுவக் குழுவை வீழ்த்தி ஜால்கிரிஸ் வாகை சூடியது. முப்பது இலட்சத்தைக் கடந்த மக்கள், ஏறத்தாழ 28 கோடி மக்கள் கொண்ட ஒன்றியத்தின் தலைநகரை வென்ற செய்தியாகவே அதனை எண்ணினர். 1939இன் சிறுவனுக்கு 1985இல் வயது 56. அவன் மகனுக்கு முப்பது இருக்கலாம், பேரனுக்கு ஏழெட்டு. பாட்டனுக்கு அது மீண்டும் வந்த இளமை. மகனுக்குக் கேட்டு வளர்ந்த கதையின் மெய்ப்பாடு. பேரனுக்கோ அதுவே உலகின் தொடக்கம்.

1988 செப்டம்பர் 30ஆம் நாள் சியோலில் சோவியத் குழு யுகோஸ்லாவியாவை 76–63 என வென்று ஒலிம்பிக் தங்கம் பெற்றது. அரையிறுதியில் அமெரிக்காவை 82–76 என வென்றிருந்தது. தொடக்க ஐவருள் நால்வர் லிதுவேனியர்: சபோனிஸ், மார்ச்சுலியோனிஸ், குர்டினைடிஸ், ஹோமிசியஸ். சோவியத் கொடி உயர்ந்தது. சோவியத் பண் ஒலித்தது. அதன்பின் ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 7ஆம் நாள், வில்னியஸ் கோபுரத்தின் உச்சியில் மூவண்ணக் கொடி ஏற்றப்பட்டது. இவ்விரண்டையும் காரண காரியமாக இணைப்பது மிகையாகும். கோர்பச்சேவின் சீர்திருத்தமும், மக்கள் இயக்கத்தின் எழுச்சியும், பொருளாதாரச் சரிவுமே விடுதலைக்கு வழிகோலின. 1990 மார்ச் 11ஆம் நாள் விடுதலை அறிவிக்கப்பட்டது. 1991 ஜனவரி 13ஆம் நாள் வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தைக் காத்து நின்ற மக்கள்மீது சோவியத் படை பாய்ந்து பதினால்வர் உயிர் நீத்தனர். விளையாட்டு விடுதலையைப் பெற்றுத் தரவில்லை. ஆனால் விடுதலை வந்தபோது அது இன்னதென்று பேரனுக்குப் புதிதாக விளக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளப் புதிய நாட்டிடம் பணம் இல்லை. அமெரிக்காவில் தொழில்முறையாக ஆடிக்கொண்டிருந்த மார்ச்சுலியோனிஸ் நிதி திரட்டினார். கிரேட்ஃபுல் டெட் என்னும் இசைக்குழுவினரும் உதவினர். எலும்புக்கூடு ஒன்று பந்தைக் கூடையில் திணிப்பது போன்ற படம் பொறித்து, மூவண்ணச் சாயம் தோய்த்த சட்டைகள் அவர்கள் வழியாகக் கிடைத்தன. அரையிறுதியில் அமெரிக்காவிடம் 127–76 எனத் தோற்றதைப் பற்றி எவரும் வருந்தவில்லை. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் எதிரே நின்றது முன்னாள் சோவியத் குடியரசுகளின் கூட்டுக் குழு. நான்காண்டுகளுக்கு முன் தோளோடு தோள் சேர்ந்து தங்கம் வென்ற தோழர்கள் சிலரும் அதில் இருந்தனர். லிதுவேனியா 82–78 என வென்றது. நாட்டுத் தலைவர் லாண்ட்ஸ்பெர்கிஸ், இசைப் பேராசிரியரான அவர், வீரர்களின் உடைமாற்றும் அறைக்கே சென்று அவர்களோடு கலந்து மகிழ்ந்தார். மேடையில் அவ்வெண்கலத்தை அவர்கள் அந்த எலும்புக்கூட்டுச் சட்டை அணிந்தே பெற்றுக்கொண்டனர்.

2003இல் ஸ்டாக்ஹோமில் லிதுவேனியா மூன்றாம் முறையாக ஐரோப்பிய வெற்றியாளரானது. 1939க்கும் அதற்கும் இடையே 64 ஆண்டுகள். நம் சிறுவன் உயிரோடிருந்தால் அவனுக்கு வயது 74. அப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஷருனாஸ் யசிகெவிசியஸ் 1976இல் கவுனாஸில் பிறந்தவர். ஜால்கிரிஸ் மாஸ்கோவை வென்ற ஆண்டுகளில் அவர் அந்நகரில் ஒன்பது, பத்து, பதினொரு வயதுப் பள்ளிச் சிறுவன்.

அதன் பின்னர் வேறொரு சோதனை வந்தது. 2004இல் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்ததும் எல்லைகள் திறந்தன. வேலை தேடி இலட்சக்கணக்கானோர் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் பிறநாடுகளுக்கும் சென்றனர். 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்கை ஒட்டிப் புகழ்பெற்ற விளையாட்டுப் பாடல் ஒன்றின் தலைப்பே ‘முப்பது இலட்சம்’ என்பதாகும். பத்தாண்டுகளுக்குப் பின் மக்கள்தொகை முப்பது இலட்சத்துக்கு இருக்குமா என்றே ஐயுறவேண்டியதாயிற்று. அயல்நாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தாயகம் என்பது என்ன? நம் சமூகம் நன்கு அறிந்த வினாவே இது.

சபோனிஸின் குடும்பமும் இவ்வாறு வெளியே வாழ்ந்த குடும்பந்தான். அவருடைய மகன் டொமாண்டாஸ், 1996இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் பிறந்து, ஸ்பெயினில் வளர்ந்தார். எந்த நாட்டுக்காக ஆடுவது என்ற தேர்வு வந்தபோது இளைஞர் பிரிவிலேயே லிதுவேனியச் சட்டையை அணிந்துகொண்டார். லுபினாஸ் கடல் கடந்து வந்து ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. 2015ஆம் ஆண்டு ஐரோப்பிய வெற்றியாளர் போட்டியில், பத்தொன்பது வயதில், நாட்டின் முதன்மைக் குழுவில் இடம் பெற்றார். தந்தை அப்போது நாட்டின் கூடைப்பந்துக் கழகத் தலைவர். செப்டம்பரில் பிரான்சின் லீல் நகரில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் லிதுவேனியாவை எதிர்த்து நின்றது, டொமாண்டாஸ் வளர்ந்த நாடாகிய ஸ்பெயின். ஆட்டம் 80–63 என முடிந்தது. டொமாண்டாஸுக்குக் கிடைத்தது வெள்ளி.