கிண்டியில் பிறந்த வரைபடமும் மறதி நோயும்



விடுதி நினைவுகளையும் கேன்டீன் கதைகளையும் என்னைவிட நன்றாக எழுத இம்மலரில் பலர் இருக்கிறார்கள். நான் ஒரு அறிவியல் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். நான் படித்தது மெக்கானிக்கல். மருத்துவம் எனக்குத் துறையல்ல. ஆனாலும் நம்மில் பலருடைய அப்பா அம்மா இப்போது அறுபதைக் கடந்துவிட்டார்கள். அதனால் இந்த வரலாறு நம் எல்லார் வீட்டுக்கும் உரியது என்று நினைக்கிறேன்.

1901-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் ஆகுஸ்டே என்ற 51 வயதுப் பெண்மணியைச் சேர்த்தார்கள். ஞாபகம் தவறிப்போய், தன் பெயரைக்கூட எழுதி முடிக்க முடியாத நிலை. அவரைக் கவனித்த டாக்டர் அலோயிஸ் அல்சைமர், 1906-இல் அந்த அம்மையார் இறந்தபின் அவர் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிந்த கசடு, உள்ளே முறுக்கிக்கொண்ட நூல் சிக்கல், செல்கள் பெருமளவில் செத்துப்போன இடங்கள் – இவற்றைக் கண்டு அதே ஆண்டு நவம்பரில் ஒரு மருத்துவர் கூட்டத்தில் விவரித்தார். கூட்டத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கசடு எதனால் ஆனது என்று தெரிய இன்னும் 78 ஆண்டுகள் ஆயின.

இடையில் நடந்த ஒரு முக்கியமான வேலை நம் ஊர்ப் பக்கம் நடந்தது. பொத்தேரியில் மின்சார ரயில் ஏறினால் கடற்கரை போகும் வழியில் கிண்டி ஸ்டேஷன் வருமல்லவா, அங்கேதான்.

இடிக்கிறதா, இடிக்கவில்லையா?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு 1952-இல் இயற்பியல் பேராசிரியராக வந்தவர் ஜி. என். ராமச்சந்திரன். அப்போது அவருக்கு வயது முப்பது. தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பை எடுத்துக்கொண்டார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வசதியாகப் போயிற்று. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல், கொலாஜன் மூன்று இழைகள் பின்னிய கயிறு போன்றது என்று அறிவித்தார்.

கேம்பிரிட்ஜிலிருந்து மறுப்பு வந்தது. டி.என்.ஏ. புகழ் கிரிக்கும் அவருடைய சகா ரிச்சும், "உங்கள் மாதிரியில் சில அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கிற அளவுக்கு நெருங்கி நிற்கின்றன" என்ற பொருளில் குறை சொன்னார்கள். ராமச்சந்திரன் கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்கலாம் என்று, அதுவரை வெளியான படிக ஆய்வுகளையெல்லாம் புரட்டிக் கணக்கெடுத்தார். அடுத்து, அந்தக் கணக்கை எல்லாப் புரதங்களுக்கும் பொருத்திப் பார்த்தார்.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. சங்கிலி நீண்டால் அதுவே புரதம். ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய மூட்டுகள் இரண்டு. நம் பாஷையில் சொன்னால் இரண்டு டிகிரி சுதந்திரம். ஒவ்வொரு மூட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அணுக்கள் இடிக்கிறதா, இடிக்கவில்லையா என்று பார்க்க வேண்டும். டிராயிங் ஹாலில் அசெம்பிளி படம் போடும்போது நாமும் இதைத்தானே பார்த்தோம்! ராமச்சந்திரனும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் இந்தக் கணக்கைப் போட்டு 1963-இல் ஒரு படமாக வெளியிட்டார்கள். படத்தின் பெரும்பகுதி தடை செய்யப்பட்ட இடம். அனுமதி உள்ள இடம் சில தீவுகள் மட்டுமே. கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலத்துக்கு மட்டும் தாராளமாக இடம் உண்டு.

இன்று உலகில் எந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், அது சரிதானா என்று சோதிக்க எடுப்பது இந்த 'ராமச்சந்திரன் படம்'தான்.

கெடுக்கும் சங்கிலி, காக்கும் சங்கிலி

1984-இல் அமெரிக்காவில் கிளென்னரும் வாங்கும் அல்சைமர் நோயாளிகளின் மூளை இரத்தக் குழாய்களில் படிந்திருந்ததைப் பிரித்தெடுத்தார்கள். அது சுமார் 40 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடு. அமிலாய்டு பீட்டா என்று பெயர். அல்சைமர் பார்த்த கசடுத் திட்டுகளும் இதனால் ஆனவையே. நம் எல்லார் உடம்பிலும் உண்டாவதுதான் இது. தனியாக இருக்கும்வரை தொல்லையில்லை. சங்கிலி நீட்டி விரிந்து, ஒன்றன்மேல் ஒன்று தட்டியாக அடுக்கிக்கொள்ளும்போதுதான் வினை. ராமச்சந்திரன் படத்தின் இடது மேல் மூலையில் உள்ள தீவு அந்த விரிந்த வடிவத்துக்கு உரியது. செல்லுக்குள் டௌ என்ற புரதம் சிக்கலாவதும் சேர்ந்து, நரம்பு செல்களின் இணைப்புகள் அறுந்து, கடைசியில் செல்களே சாகின்றன.

ஆனால் மூளை முழுவதும் ஒரே மாதிரி அழிவதில்லை. பார்வைக்கான பின்பகுதி பெரும்பாலும் கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது. அது ஏன் என்று கேட்டவர்கள் டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிஷிமோட்டோ, ஹாஷிமோட்டோ குழுவினர். ஒரு நோயாளியின் மூளையில் பிழைத்திருந்த அந்தப் பகுதியிலிருந்தே மரபுச் செய்திகளை எடுத்து, சாகப்போகும் செல்களைக் காப்பாற்றுவது எது என்று சலித்துப் பார்த்தார்கள். கிடைத்தது 24 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடு. 'ஹியூமனின்' என்று பெயர் வைத்து 2001 மே மாதம் வெளியிட்டார்கள். அதன் 14-வது கண்ணியில் உள்ள செரினை எடுத்துவிட்டு கிளைசினைப் போட்டபோது, ஆய்வுக்கூடத்துச் செல்களில் வீரியம் சுமார் ஆயிரம் மடங்கு கூடியது. மூட்டு தாராளமாகத் திரும்பும் அதே கிளைசின்!

இச்செய்தியை ராமச்சந்திரன் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய மாதம், 2001 ஏப்ரல் 7 அன்று, சென்னையில் காலமானார். கடைசி ஆண்டுகளில் அவரை வாட்டியது பார்க்கின்சன் நோய். அதுவும் மூளையின் நரம்பு செல்கள் சாவதால் வருவதே. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

மருந்து வந்துவிட்டதா?

இல்லை. இதை ஒளிவு மறைவின்றிச் சொல்லியாக வேண்டும். பெப்டைடு மருந்து இரத்தத்தில் இறங்கியதும் நொதிகள் அதைச் சீக்கிரமே நறுக்கிவிடுகின்றன. தப்பியதையும் மூளையைச் சுற்றியுள்ள தடுப்பு லேசில் உள்ளே விடாது. டெல் அவிவ் நகரில் இல்லானா கோசெஸ் கண்ட எட்டு அமினோ அமிலப் பெப்டைடை மூக்கு வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அல்சைமருக்கு உறவான இன்னொரு மூளை நோயில் நடந்த பெரிய சோதனையில் அது 2012-இல் பலன் தரவில்லை. 2023-இல் அமெரிக்கா அனுமதித்த லெக்கானெமாப் பெப்டைடு அல்ல. அமிலாய்டை அகற்றும் எதிர்ப்புப் புரதம். ஆரம்ப நிலையில் நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கிறது. செத்த செல்லை எதுவும் எழுப்பவில்லை. ஆகவே 'மறதிக்கு அற்புத மருந்து' என்று யாராவது விற்க வந்தால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள்.

நம் வட்டாரத்தில்

இது வெள்ளைக்காரர் நோய் என்று எண்ண வேண்டாம். பொத்தேரிக்குக் கிழக்கே, மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கும் திருப்போரூர்ப் பகுதிக் கிராமங்களில் ராஜ்குமார், குமார், தாரா ஆகியோர் 60 வயது கடந்த 750 பேரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 3.5 பேருக்கு அறிவாற்றல் குன்றும் நோய் இருப்பதாக 1997-இல் எழுதினார்கள். 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், என்கிறது. இரண்டும் வேறு வேறு முறையில் எடுத்தவை. அதனால் நோய் இரட்டித்துவிட்டது என்று கணக்குப் போடக் கூடாது. ஆனால் நம் வீடுகளில் இது இருக்கிறது என்பது நிச்சயம்.

"வயசாச்சுன்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். சாப்பிட்டதையே மறந்து மறுபடி சோறு கேட்கும் பாட்டியை, "வேணும்னே பண்ணுது" என்று திட்டுகிற வீடுகளும் உண்டு. தைராய்டு குறைவு, பி-12 சத்துக் குறைவு போன்ற காரணங்களாலும் மறதி வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனவே முன்னாள் மாணவர்களே, வெளிநாட்டில் இருப்பவர்களும், அடுத்த முறை வீட்டுக்கு போன் போடும்போது அப்பா அம்மாவின் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, கணக்கு வழக்கில் தடுமாறினாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தம்பி தங்கைகளே, நொதிக்குத் தப்பும் சங்கிலியை வடிவமைப்பது, மூளைத் தடுப்பைத் தாண்டும் வழி காண்பது, கம்ப்யூட்டரில் மாதிரி போடுவது என வேலை எல்லாத் துறைக்கும் காத்திருக்கிறது. இயற்பியல் படித்த ஒருவர் புரதத்துக்கு வழி காட்டினார். குறை சொன்னவர்களுக்குக் கணக்கெடுத்துப் பதில் சொன்னார். பொத்தேரியிலிருந்து நேர் ரயிலில் போகிற தூரத்தில்தான் அது நடந்தது. அடுத்தது நம் வளாகத்தில் நடக்கட்டும்!

சந்திப்பு விழா சிறக்க வாழ்த்துகள்.

– முன்னாள் மாணவர், இயந்திரப் பொறியியல் துறை